பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் கைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி: முழுமையான வழிகாட்டி

செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம், கைக்கு வீட்டில் என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். காலையும் மாலையும் மூடிய விரல்களைப் பிரித்து நீட்டிவிடுகிறோம், மணிக்கட்டை மடக்கி நிமிர்த்துகிறோம், முழங்கையை நீவிவிடுகிறோம் என்பார்கள். இதை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிடித்த பொம்மையைக் கண்டதும் குழந்தை நீட்டுவது என்னவோ நன்றாக இருக்கும் மற்றொரு கையைத்தான்.

இதில் பெற்றோரின் குறை எதுவும் இல்லை. பிறர் பிடித்து அசைக்கும்போது கை அசைகிறதே தவிர, மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. குழந்தை தானே ஒன்றை விரும்பி, எட்டி, தவறவிட்டு, மறுபடி முயலும்போதுதான் கற்றல் நடக்கிறது. 2022ஆம் ஆண்டு வெளியான சர்வதேசச் சிகிச்சை நெறிமுறையும் இதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது: இலக்கைக் குழந்தையும் குடும்பமும் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த வேலையை முழுமையாக, உண்மையான சூழலில், போதிய அளவு பயில வேண்டும். இந்தக் கட்டுரையின் எல்லாப் படிகளும் அந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கின்றன. இவற்றை இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) அல்லது செயல்முறை சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரின் மேற்பார்வையோடு செய்யுங்கள். அவர் இல்லாமல் செய்வதற்கான மாற்று வழியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கையில் என்னதான் நடக்கிறது?

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்பட்ட பாதிப்பின் விளைவுதான் பெருமூளை வாதம். அந்தப் பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. ஆனால் கை அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை; பயன்படாத கை மெலிகிறது; மூட்டுகள் ஒரே நிலையில் தங்கிப்போகின்றன.

அதிகமாகக் காணப்படுவது தசை இறுக்க வகை. இதில் கையின் தோற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: தோள் உள்நோக்கித் திரும்பியிருக்கும், முழங்கை மடங்கியிருக்கும், உள்ளங்கை தரையைப் பார்க்கும், மணிக்கட்டு கீழே தொங்கிச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருக்கும். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வேறு சில குழந்தைகளுக்குக் கை தானாகவே முறுக்கிக்கொள்ளும் அல்லது நெளியும். இது கட்டுக்கடங்கா அசைவு வகை. எட்டும்போது கை நடுங்கிக் குறி தவறுவது தள்ளாட்ட வகை.

இறுக்கம் கண்ணுக்குத் தெரிவதால் அதையே எல்லாவற்றுக்கும் காரணமாக நினைத்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய தடைகள் வெளியே தெரிவதில்லை. தசையின் பலவீனம் ஒன்று. விரல்களைத் தனித்தனியாக இயக்க முடியாமை இன்னொன்று. கையில் இருப்பது என்னவென்று தொட்டறிய முடியாத உணர்வுக் குறைவு மூன்றாவது. நான்காவதும் உண்டு: பிறந்ததிலிருந்தே அந்தக் கையைப் பயன்படுத்திப் பழகாததால், குழந்தையின் எண்ணத்தில் அந்தக் கைக்கு இடமே இல்லாமல் போவது. இறுக்கத்தை மட்டும் தளர்த்தினால் கை வேலை செய்யத் தொடங்கிவிடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் நோய் கண்டறியப்படாத குழந்தைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வயது நிறைவதற்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருந்தாலோ, இடதுகைப் பழக்கம் என்றோ வலதுகைப் பழக்கம் என்றோ சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். அந்த வயதில் குழந்தைகள் இரு கைகளையும் ஏறக்குறைய சமமாகவே பயன்படுத்தும்.

படி 1: கை இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்

கைத்திறன் வகைப்பாட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. சிகிச்சையாளர்கள் இதைச் சுருக்கமாக மேக்ஸ் என்பார்கள். சுவீடனைச் சேர்ந்த குழுவினர் முன்னின்று உருவாக்கி 2006இல் வெளியிட்ட இந்த முறை 4 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மினி மேக்ஸ் உண்டு. அன்றாடப் பொருள்களை இரு கைகளையும் சேர்த்துக் குழந்தை எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் குழந்தை எளிதாகக் கையாளும். இரண்டாம் நிலையில் வேகமோ நேர்த்தியோ குறையும். மூன்றாம் நிலையில் பொருளை யாராவது தயார்செய்து கொடுக்க வேண்டியிருக்கும். நான்காம் நிலையில் எளிதான சில பொருள்களை மட்டும், அதற்கேற்ப அமைத்துக்கொடுத்த சூழலில் கையாளும். ஐந்தாம் நிலையில் முழு உதவி தேவைப்படும். உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று சிகிச்சையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திறன் குறைந்த நிலை என்று கேட்டால் மனம் சுணங்கலாம். ஆனால் எந்தப் பயிற்சிக்கு நேரம் செலவிடலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

பிறகு நீங்களாகவே ஒரு வாரம் கவனியுங்கள். குழந்தை விளையாடும்போதும், சாப்பிடும்போதும், உடை மாற்றும்போதும் கைபேசியில் சில நிமிடங்கள் படம்பிடித்து வையுங்கள். "அந்தக் கையையும் பயன்படுத்து" என்று அப்போது சொல்லாதீர்கள். சொல்லாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை.

படத்தைப் பார்க்கும்போது ஒரு பொருளை எடுத்து வைக்கும் செயலை ஐந்து துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்: எட்டுதல், விரல்களைத் திறத்தல், பிடித்தல், பிடித்தபடி நகர்த்துதல், விடுதல். எந்தத் துண்டில் செயல் முறிகிறது? தசை இறுக்கம் உள்ள பல குழந்தைகளுக்குப் பிடிப்பது கடினமாக இருப்பதில்லை. திறப்பதும் விடுவதும்தான் கடினம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிடி வலுவடைய மென்பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஏற்கெனவே மிஞ்சி இருக்கும் ஒன்றையே மேலும் பழக்குவதால் பயன் குறைவு.

படி 2: இலக்கை வையுங்கள்

கை நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பது ஆசை. அதை இலக்காக வைக்க முடியாது. எட்டு வாரம் கழித்து ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இலக்கு இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: "இடது கையால் மேல்சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஜிப்பைக் கழுத்துவரை தானே இழுக்க வேண்டும்." அல்லது, "தண்ணீர் பாட்டிலை ஒரு கையால் பிடித்து மறு கையால் மூடியைத் திறக்க வேண்டும்." இரண்டு அல்லது மூன்று இலக்குகள் போதும்.

தேர்ந்தெடுப்பது யார் என்பதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருப்பேன்: பேசவோ சுட்டிக்காட்டவோ முடிந்த குழந்தை என்றால் அதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் கையெழுத்தைச் சொல்வார்கள். குழந்தையோ வீடியோ விளையாட்டின் கருவியை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்று சொல்லும். குழந்தையின் விருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அது நூறு முறை முயலும், எழுத்துக்காகப் பத்து முறைகூட முயலாது. கையெழுத்தைப் பொறுத்தவரை, பல குழந்தைகளுக்கு விசைப்பலகையில் தட்டச்சு செய்வதே வேகமாகவும் களைப்பின்றியும் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கைத் தாளில் எழுதி, இப்போது எவ்வளவு முடிகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். "ஜிப்பைப் பாதிவரை இழுக்கிறது, துணியை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது" என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

படி 3: முதலில் உடம்பு, பிறகு கை

உடம்பு நிலையாக இல்லாவிட்டால் கை விடுதலையாகாது. விழுந்துவிடாமல் உட்கார்ந்திருக்கவே குழந்தை தன் வலுவையெல்லாம் செலவிட்டால், இறுக்கம் கூடும். கையும் அதோடு சேர்ந்து மடங்கும்.

பாதங்கள் தரையிலோ பலகையிலோ முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். மேசை ஏறக்குறைய முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தோள்கள் காதை நோக்கி ஏறினால் மேசை மிக உயரமாக இருக்கிறது என்று பொருள். உடம்பைத் தாங்கும் சக்தி குறைந்த குழந்தைக்கு இடுப்புப் பட்டையும் பக்கவாட்டுத் தாங்கல்களும் தேவைப்படும். அவற்றைச் சிகிச்சையாளர் அளவெடுத்து அமைக்க வேண்டும். முழங்கைகளை மேசைமீது ஊன்றவிட்டாலே விரல்களின் கட்டுப்பாடு கூடும் குழந்தைகள் உண்டு. இதெல்லாம் சரியாக அமைந்த அன்று, வேறெந்தப் பயிற்சியும் தராமலேயே கை கொஞ்சம் நன்றாக வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

படி 4: மூடிய கையைத் திறக்கும் முறை

விரல் நுனிகளைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுக்கம் எதிர்த்து நிற்கும், வலிக்கவும் செய்யும். இதற்கு ஓர் எளிய உடலியல் வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டின் உட்புறமாகக் கடந்து செல்கின்றன. மணிக்கட்டை உட்புறமாக மடக்கினால் அவை தளரும். விரல்கள் தாமாகத் திறக்கும். எனவே முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தளர்ந்ததும் உங்கள் விரலை உள்ளங்கைக்குள் நுழையுங்கள். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில், சதைப்பற்றான மேட்டில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் கட்டைவிரலின் நடு மூட்டு தளர்ந்துபோகும். உள்ளே புதைந்த அடிப்பகுதி அப்படியே இருக்கும். கடைசியில், விரல்களைத் திறந்த நிலையில் தாங்கியபடி மணிக்கட்டை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

உள்ளங்கையைக் கழுவவும், நகம் வெட்டவும், ஸ்பிளிண்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் அணை) மாட்டவும் இந்த முறை உதவும். ஆனால் இது தயாரிப்பு மட்டுமே, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். கையால் சில நிமிடங்கள் நீட்டிவிடுவதால் மூட்டின் அசைவில் நிலைத்த மாற்றம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நீட்டிவிடுவதற்குச் செலவிட்டுவந்த நேரத்தை அடுத்த படிக்குக் கொடுங்கள்.

படி 5: வேலையையே பயிற்சியாக்குங்கள்

பயிற்சியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது.

முதல் விதி, வேலையை முழுமையாகப் பழக்க வேண்டும். ஜிப்பை இழுக்க வேண்டுமென்றால் ஜிப்பைத்தான் இழுக்க வேண்டும். துணி மாட்டும் கிளிப்பை நூறு முறை அமுக்கினால் கிளிப்பை அமுக்குவதில்தான் தேர்ச்சி வரும். அது ஜிப்புக்குத் தாவுவதில்லை. முழு வேலையும் மலைப்பாக இருந்தால் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஜிப்பைக் கழுத்துக்கு அருகே நீங்கள் கொண்டுவந்து விடுங்கள், கடைசி இழுப்பைக் குழந்தை செய்யட்டும். அது எளிதானதும் மார்பு உயரத்திலிருந்து, பிறகு இடுப்பிலிருந்து என்று அதன் பங்கைக் கூட்டுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் என்ற பெருமை குழந்தைக்கே கிடைக்கும்.

இரண்டாவது, கடினத்தின் அளவு. பத்து முறை முயன்றால் பத்து முறையும் வெற்றி என்றால் வேலை மிக எளிது. ஓரிரு முறைகூட முடியவில்லை என்றால் மிகக் கடினம். நடுவில் எங்கோ, பெரும்பாலான முயற்சிகள் பலித்தும் சில தவறியும் போகும் இடம்தான் கற்றலுக்கு ஏற்றது. அந்த இடத்தைப் பொருளை மாற்றிக் கண்டுபிடிக்கலாம். பெரிய பொருள், வழுக்காத மேற்பரப்பு, அசையாமல் நிற்கும் தன்மை ஆகியவை வேலையை எளிதாக்கும். சிறியது, வழுவழுப்பானது, உருள்வது ஆகியவை கடினமாக்கும். பொருளை வைக்கும் இடமும் முக்கியம். நேர் எதிரே மேசைமீது வைத்தால் எளிது. பக்கவாட்டிலோ தோள் உயரத்துக்கு மேலேயோ வைத்தால் கடினம்.

மூன்றாவது, எந்த அசைவு தேவையோ அதைப் பொருளே கேட்கும்படி செய்யுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வேண்டுமா? "கையைத் திருப்பு" என்று சொல்ல வேண்டாம்; உள்ளங்கையில் கோலிகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொள்ளும் விளையாட்டைத் தொடங்குங்கள். மணிக்கட்டு மேலே நிமிர வேண்டுமா? தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடி வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்; செங்குத்தான பரப்பு மணிக்கட்டைத் தானாக நிமிரவைக்கும். விடுவதற்குப் பழக வேண்டுமா? அகன்ற வாயுள்ள டப்பாவில் பெரிய கட்டைகளைப் போடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் டப்பாவின் விளிம்பில் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு விடட்டும், அதில் தவறில்லை. பிறகு டப்பாவின் வாயைச் சிறிதாக்கலாம். அதன்பின் கட்டைமேல் கட்டை அடுக்கச் செய்யலாம். அடுக்கு சரியாமல் நிற்க வேண்டுமானால் விடுதல் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

நான்காவது, உங்கள் பேச்சு. விரலைத் திற, மணிக்கட்டைத் தூக்கு என்று உடலுறுப்புகளைச் சொல்வதைவிட, கட்டையைக் கூடைக்குள் போடு, மூடியைத் திருகு என்று விளைவைச் சொல்வது கூடுதல் பலன் தரும். தவறியதும் ஓடிப்போய் உதவாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழந்தை மாற்று வழி ஒன்றைத் தேடட்டும். அந்தத் தேடலின்போதுதான் மூளை வேலை செய்கிறது. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது உதவுவதைவிடக் கடினமான வேலை என்பதில் சந்தேகமில்லை.

படி 6: ஒரு கையா, இரு கைகளா?

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு முறைகள் நன்கு ஆராயப்பட்டுள்ளன.

முதலாவது, நல்ல கைக்கு உறை மாட்டிப் பாதிக்கப்பட்ட கையை உழைக்கவைக்கும் கட்டுப்பாட்டுப் பயிற்சி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து இதன் அடிப்படைக் கருத்து பிறந்தது. முதலில் பக்கவாதம் வந்த பெரியவர்களிடம் பயன்படுத்தப்பட்டு, பின்னர் குழந்தைகளுக்கு வந்தது. பெரியவர்களைப் போல மறந்துபோனதை நினைவுபடுத்துவது இங்கு வேலை அல்ல. குழந்தை ஒருபோதும் பயன்படுத்தாத கையை முதன்முறையாக அதற்கு அறிமுகப்படுத்துகிறோம். அதனால் கடுமை கூடாது. மென்மையான கையுறையோ காலுறையோ போதும், மாவுக்கட்டு வேண்டாம். கைக்குழந்தைகளுக்கான முறை ஒன்றில் நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 6 நாள் என 6 வாரம் பயிற்சி. இடைவெளி விட்டு மீண்டும் 6 வாரம். உறை போட்டிருக்கும்போது குழந்தையை எழுந்து நடக்கவிடாதீர்கள். விழுந்தால் ஊன்றித் தப்பிக்க அதற்கு நல்ல கை தேவை. குழந்தை அழுது மறுத்தால் நிறுத்திவிடுங்கள்; அது போருக்கான இடம் அல்ல.

இரண்டாவது, இருகைத் தீவிரப் பயிற்சி. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையில் நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 15 நாள், மொத்தம் 90 மணி நேரம் குழந்தைகள் விளையாடியும் வேலை செய்தும் பழகுகிறார்கள். இங்கே சூட்சுமம் வேலையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஒரு கையால் செய்துவிட முடிகிற வேலையைக் கொடுத்தால் குழந்தை ஒரு கையால்தான் செய்யும், அது புத்திசாலித்தனமும்கூட. இரு கைகள் இல்லாமல் முடியவே முடியாத வேலையைக் கொடுங்கள்: நூலில் மணி கோப்பது, தாளைப் பிடித்துக்கொண்டு கத்தரிப்பது, பெரிய பந்தைப் பிடித்து எறிவது, மூடியுள்ள டப்பாக்களைத் திறப்பது, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் கலக்குவது, ஒன்றோடொன்று பொருந்தும் கட்டைகளைப் பிரிப்பது. பாதிக்கப்பட்ட கை பெரும்பாலும் துணைக்கையாகவே இருக்கும்: பிடித்துக்கொள்ளும், அழுத்திக்கொள்ளும், தாங்கும். அதைத் திறமையாகச் செய்தாலே வாழ்க்கையின் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும்.

இரண்டில் எது சிறந்தது? ஒரே அளவு நேரம் தந்து ஒப்பிட்டால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றாட வாழ்வில் இரு கைகளும் சேர்ந்தே இயங்க வேண்டியிருப்பதால், வீட்டில் செய்வதற்கு இருகை முறையையே முதலில் சொல்வேன். பாதிக்கப்பட்ட கையைக் குழந்தை அறவே பொருட்படுத்தவில்லை என்றால், சில வாரங்கள் கட்டுப்பாட்டுப் பயிற்சி தந்துவிட்டு இதற்கு வரலாம்.

படி 7: எவ்வளவு நேரம்?

வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் சிகிச்சையாளரைப் பார்ப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட ஓர் இலக்கை அடையச் சுமார் 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி தேவைப்படுவதாகவும், கையின் பொதுவான திறன் மேம்பட அதைவிட அதிகமாக, 40 மணி நேரத்தை ஒட்டியோ தாண்டியோ தேவைப்படுவதாகவும் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். வீட்டில் செய்வதும் கணக்கில் சேரும். 2009இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பெற்றோர் மாதத்துக்குச் சராசரியாகப் பதினேழு, பதினெட்டு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் பயிற்சி தந்தார்கள். எட்டு வாரத்தில் குழந்தைகளின் செயல்திறனில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. இலக்கு தெளிவாக இருந்ததும், பயிற்சியைக் குடும்பத்தோடு சேர்ந்து திட்டமிட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

நடைமுறையில், நாளுக்கு 15 முதல் 20 நிமிடத்தை விளையாட்டாக ஒதுக்குங்கள். இலக்கு உடை மாற்றுவது என்றால், தினமும் உடை மாற்றும் நேரத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். அவசரமான காலை நேரத்தில் வேண்டாம். குளித்தபின் அவசரமில்லாத நேரமாகப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போவதைவிட, ஆறு முதல் எட்டு வாரம் முனைந்து செய்து, சில வாரம் ஓய்வு விட்டு, புதிய இலக்கோடு மறுபடி தொடங்குவது குடும்பத்துக்குத் தாங்கும். பெற்றோர் நாள் முழுவதும் சிகிச்சையாளராக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது.

தொடு உணர்வும் பார்வையும்

உணர்வு குறைந்த கையைக் கண்தான் வழிநடத்துகிறது. எனவே வேலை நடக்கும்போது கை குழந்தையின் கண் முன்னே இருக்க வேண்டும். தொடு உணர்வைப் பழக்க, துணிப்பைக்குள் நான்கைந்து பழகிய பொருள்களைப் போட்டு, பார்க்காமல் தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். முதலில் கரண்டி, பந்து போல ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. பிறகு ஒத்த உருவங்கள். நல்ல கையால் முதலில் தொட்டுவிட்டு, அதே பொருளை மற்றக் கையால் தேடச் சொன்னால் எளிதாகும். பெருமூளை வாதத்தோடு பார்வைக் குறைபாடும் சேர்ந்து வருவது சாதாரணம். குழந்தை பொருளை எட்டவில்லை என்றால், அதைப் பார்க்க முடிகிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். ஒரே நிறத்தில் வெறுமையான விரிப்பின்மேல் எடுப்பான நிறத்தில் பொருளை வைத்துப் பாருங்கள்.

ஸ்பிளிண்ட், ஊசி, அறுவை சிகிச்சை

இவை மூன்றும் பயிற்சிக்குத் துணை செய்பவை. கட்டைவிரலை வெளியே தாங்கிப் பிடிக்கும் மென்மையான ஸ்பிளிண்டை விளையாடும்போது போட்டால் பல குழந்தைகளுக்குப் பிடி உடனே மேம்படும். கையை முழுவதும் மூடும் கெட்டியான ஸ்பிளிண்டை நாள் முழுவதும் போட்டால் கை எதையும் தொடாது, கற்காது. கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு 20 அல்லது 30 நிமிடத்தில் மறையவில்லை என்றால் ஸ்பிளிண்டை மாற்றியமைக்க வேண்டும். அதுவரை போட வேண்டாம்.

போட்டுலினம் ஊசி இறுகிய தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. ஓரிரு வாரத்தில் தளர்வு தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் குறைந்துவிடும். ஊசி மட்டும் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டால் அந்தச் சில மாதங்கள் வீண். ஊசிக்கு முன்பே இலக்கையும் பயிற்சி நேரத்தையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். தசைநாரை இடம் மாற்றி மணிக்கட்டை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் பள்ளி வயதில், குழந்தை பயிற்சிக்கு ஒத்துழைக்கும் பருவத்தில் பரிசீலிப்பார்கள். மிகை அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு ஆதாரம் இல்லை. அதற்குச் செலவிட வேண்டாம்.

எல்லாக் குழந்தைக்கும் இதே வழியா?

இல்லை. கட்டுக்கடங்கா அசைவு உள்ள குழந்தைக்கு ஒரு கையைக் கட்டுவது பொருந்தாது. அதற்கு ஊன்றிக்கொள்ள இடம் வேண்டும்: ஒரு கையால் மேசையில் பொருத்திய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் மறு கை அடங்கும். அவசரப்படுத்துவதும், எல்லோரும் சூழ்ந்து பார்ப்பதும் அசைவைக் கூட்டும். தள்ளாட்டம் உள்ள குழந்தைக்கு முழங்கையை ஊன்றவைப்பதும், சற்றே கனமான கரண்டி, தடித்த பென்சில் போன்றவையும் உதவலாம். எடை எவ்வளவு என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மேக்ஸ் நான்கு, ஐந்தாம் நிலைகளில் உள்ள குழந்தைகளுக்கு மணி கோக்கும் பயிற்சியைத் திணிப்பது குழந்தைக்கும் வீட்டாருக்கும் வேதனைதான். அங்கே இலக்கு வேறு. உள்ளங்கை ஈரமும் புண்ணும் இல்லாமல் இருக்க வேண்டும்; சட்டைக்குள் கையை நுழைக்கும்போது வலிக்கக் கூடாது; பெரிய பொத்தானைத் தட்டி இசையையோ விசிறியையோ தானே இயக்க வேண்டும்; முடிந்தால் சக்கர நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கைப் பழக வேண்டும். கை ஒத்துழைக்கவே இல்லை என்றால் கண்ணசைவால் இயங்கும் கருவிகள் இருக்கின்றன. தன் விருப்பப்படி ஒன்றை நடத்திக்காட்டும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்; அது விரல் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

எப்போது நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஏற்கெனவே செய்துவந்த வேலையைக் குழந்தை செய்ய முடியாமல் போனால் தாமதிக்காதீர்கள். பெருமூளை வாதத்தில் மூளையின் பாதிப்பு பெருகுவதில்லை என்பதால், வேறு காரணம் இருக்கலாம். கையைத் தொட்டாலே அழுதல், மூட்டில் வீக்கம், திடீரென்று கூடிய இறுக்கம், புதிதாக வரும் வலிப்பு ஆகியவையும் அப்படியே. பேச முடியாத குழந்தை வலியை முகச்சுளிப்பாலும், தூக்கக் குறைவாலும், பயிற்சிக்கு முரண்டுபிடிப்பதாலும் சொல்லும். பொருள்களை வாயில் வைக்கும் குழந்தைக்கு மணி, கோலி போன்ற சிறிய பொருள்களைக் கொடுக்காதீர்கள்.

படி 8: எட்டு வாரம் கழித்து

முதல் வாரம் எடுத்த படத்தை எடுங்கள். அதே வேலையை, அதே நாற்காலியில், அதே கோணத்தில் மறுபடி படம்பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரிவதில்லை, படத்தில் தெரியும். இலக்கு நிறைவேறியிருந்தால் அந்த வேலையைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அன்றாடத்தில் விட்டுவிடுங்கள். இனி அதை உங்களிடம் கேட்காமல் குழந்தையே செய்யட்டும். நிறைவேறவில்லை என்றால் மூன்று கேள்விகள்: உண்மையில் எத்தனை மணி நேரம் பயிற்சி நடந்தது? வேலை மிகக் கடினமாக இருந்ததா? குழந்தைக்கு அதில் விருப்பம் இருந்ததா? பதிலைப் பொறுத்து நேரத்தையோ, வேலையின் அளவையோ, இலக்கையோ மாற்றுங்கள். இரு படங்களையும் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

உயரம் வேகமாகக் கூடும் பதின்பருவத் தொடக்கத்தில் தசைகள் மறுபடி இறுகுவது வழக்கம். அந்த ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மணிக்கட்டும் முழங்கையும் எதுவரை நிமிர்கின்றன என்று சிகிச்சையாளரைக் கொண்டு அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.